ரெண்டு கண்ணும் தெரியிற படம்

கல்லறையில் பதிக்கிற படத்தைத் தாளில் அடித்தால் நிற்காது, தம்பி. நம் ஊர் உப்புக் காற்று ஆறே மாதத்தில் வெளுக்க வைத்துவிடும். பீங்கானில் அடித்துச் சுட்டு எடுத்தால் நம் ஆயுளுக்கும் கிடக்கும். போன செவ்வாய்க்கிழமை நீ ஸ்டூடியோவுக்கு வந்தபோது இதைத்தான் சொன்னேன். நீயும் தலையாட்டினாய்.

"அந்த ரெண்டு கண்ணும் தெரியிற படத்தையே போடுங்க அண்ணாச்சி. பாப்பாவுக்கு ஏழாம் மாசத்துல எனக்குக் கப்பலுக்கு அனுப்புனீங்கள்லா, அது" என்றாய். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்குள் தந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் படத்தை என்னால் தர முடியாது, ரெக்ஸ். ஏன் என்று அன்றைக்கே சொல்லப் பார்த்தேன். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். பிள்ளையைப் பறிகொடுத்தவன் கையால் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பூசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சிறுவயதில் நீ முதல் நற்கருணை வாங்கின அன்று புதுநன்மைப் படம் எடுத்தவன் நான். உனக்கும் ரெனிட்டாவுக்கும் கல்யாணப் படம் எடுத்தவனும் நான்தான். ஜெர்லின் பிறந்து இருபத்தைந்தாம் நாள் நீ கப்பலேறினாய். அதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து, மாசாமாசம் பன்னிரண்டாம் தேதி பாப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். "வீடியோ காலெல்லாம் நடுக்கடல்ல நிக்காது அண்ணாச்சி. கரை பக்கம் வந்தா படம் எறங்கிரும். உங்க படத்துலதான் எம்புள்ள வளர்றத நான் பாக்கணும்" என்றாய். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். குழந்தைகளுக்கென்று நான் வைத்திருக்கிற லென்ஸ் ஒன்று உண்டு. அதன் வாயை முழுதாகத் திறந்து, கிட்டத்தில் வைத்து எடுத்தால், ஃபோகஸ் ஒரு விரல் கனத்துக்குத்தான் நிற்கும். இமை துல்லியமாக விழுந்தால் காது கரைந்துவிடும். பின்னால் அழுக்குச் சுவர் இருந்தாலும் பாலாடையாகத் தெரியும். பார்க்கிறவர் கண் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று நாமே முடிவு பண்ணிக்கொள்ளலாம். இந்த ஊரில் அதை என்னைப்போல் செய்கிறவன் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதப் படங்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாம் மாதம் பிள்ளையைச் சிப்பிக்குள் வைத்து எடுத்தேன். தூத்துக்குடியில் குழந்தைப் படம் எடுக்கிற எல்லாரிடமும் ஒரு தெர்மோகோல் சிப்பி இருக்கும். கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது முத்து விளைவது எங்கள் ஸ்டூடியோக்களில்தான். ரெனிட்டா கிலுகிலுப்பையை ஆட்டினாள், பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஃபிளாஷ் போட்டு நாலைந்து எடுத்தேன்.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கண்மணியில் வழக்கம்போல ஃபிளாஷ் பட்ட சிவப்பு. இடது கண்மணியில் மட்டும் வெள்ளை. நாலைந்து படத்திலும் அப்படியே.

என் மனைவி பிளாரன்ஸ் பின்னால் நின்றிருந்தாள். "இதென்ன, பாப்பா கண்ணுக்குள்ள பால் சொட்டுன மாதிரி?" என்றாள்.

"தெர்மோகோல் வெள்ளை திருப்பி அடிக்கி" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அந்த வெள்ளையை அழித்துக் கறுப்பாக்கி உனக்கு அனுப்பினேன். அரை நிமிஷ வேலை.

அது என்ன என்று எனக்குத் தெரியாது என்று நீ நினைப்பாய். எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் பங்கு மண்டபத்தில் ஒரு கண் சிகிச்சை முகாம் நடந்ததே, அதற்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தவன் நான். 'குழந்தையின் கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அது கண்ணில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். உயிரைக் காப்பாற்றலாம்.' இந்த வரிகளை என் கையால்தான் டைப் அடித்தேன். ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் உள்ள ஒரு பிள்ளையின் படத்தையும் மருத்துவர்கள் தந்திருந்தார்கள். கலர் கொஞ்சம் மங்கலாக இருந்தது என்று நான்தான் எடுப்பாகத் திருத்தினேன். நம் தெரு முக்கில் அந்த ஃபிளெக்ஸ் ஒரு மாதம் தொங்கியது.

அப்படியிருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நியாயமான கேள்வி.

எனக்கும் பிளாரன்ஸுக்கும் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞானஸ்நான வீட்டில் படம் எடுக்கும்போது, "பய நல்லாக் கொழுகொழுன்னு இருக்கானே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் அவனுடைய சித்திக்காரி என் கடை வாசலுக்கு வந்தாள். என் செருப்பு கிடந்த இடத்தில் குனிந்து, என் காலடி மண்ணை அள்ளி, மிளகாய் வற்றலும் உப்பும் சேர்த்துத் தாளில் மடித்தாள். "பெத்தவன் கண்ணு ஒண்ணும் செய்யாது. இது ஏங்கி ஏங்கிப் பாக்கிற கண்ணுல்லா" என்றாள். பிளாரன்ஸ் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு பிள்ளைப்படமும் என்னிடம் வரவில்லை.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்கிறார்கள். கண்ணடி போட்டவன் என்று பெயர் வாங்கினவன் பாடு என்ன என்று யாரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து எந்தக் குழந்தையைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவன் உன் வீட்டுப் படியேறி, உன் பிள்ளையின் கண்ணில் கோளாறு என்று எப்படிச் சொல்ல? அவ்வளவும் என் கண்ணால் வந்தது என்று ஆகியிருக்கும். பிளாரன்ஸ் இன்னொரு தடவை அதைத் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் மாதமும் பிள்ளையைச் சிப்பிக்குள் வைத்தே எடுத்தேன். போன தடவை சரியாக வரவில்லை என்று ரெனிட்டாவிடம் சொன்னேன். அந்தப் படம்தான் 'முத்து'. மதுரையில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கியது உனக்கும் தெரியும். நீ கப்பலிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினாய். பிள்ளையின் வலது கண் கூர்மையாக இருக்கும். இடது பக்கம் போகப் போகக் கரைந்து, அந்தக் கண்ணில் வட்டமாக ஒரு வெள்ளொளி மட்டும் மிதக்கும். அந்த ஒளியை எப்படி விழ வைத்தீர்கள் என்று நடுவர் மேடையில் கேட்டார். ஜன்னல் வெளிச்சம் என்றேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து பிள்ளையின் முகத்தை எப்போதும் ஒரு பக்கமாகத் திருப்பியே உட்கார வைத்தேன். வலது கண் எனக்குக் கிட்டத்தில், இடது கண் தள்ளி. லென்ஸ் வாயை முழுதாகத் திறந்தால் தள்ளி இருக்கிற கண் தானாகவே கரைந்துவிடும். அழிக்கிற வேலைகூட மிச்சம். "சினிமாப் படம் மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று நீ எழுதியிருந்தாய். வளர்ந்துகொண்டேதான் வந்தது அது. ஒவ்வொரு பன்னிரண்டாம் தேதியும் முந்தின மாதத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எந்த மருத்துவரும் பார்த்திருக்க முடியாத அளவுக்கு அதை மாதாமாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஏழாம் மாதம் நீ குரல் பதிவு அனுப்பினாய். இன்னும் என் போனில் இருக்கிறது. "அண்ணாச்சி, குத்தமாச் சொல்லல. பாப்பா எடது கண்ணு எல்லாப் படத்துலயும் மங்கலாவே இருக்கு. ஒரே ஒரு தடவ ரெண்டு கண்ணும் தெரியிற மாதிரி எடுத்து அனுப்புங்களேன். கண்ணோடு கண்ணு பாக்கணும் போல இருக்கு."

அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு மெய்யாகவே தோன்றியது. பிறகு ரெனிட்டாவை வரச் சொல்லி, லென்ஸ் வாயைச் சுருக்கி, முகம் முழுவதும் தெரிகிற மாதிரி எடுத்தேன். அவள் போனதும் பிள்ளையின் வலது கண்ணை வெட்டி, இடவலமாகத் திருப்பி, இடது கண்ணின் மேல் ஒட்டினேன். இமை நிழலைச் சரிக்கட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தின் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். திருப்பினால் அது மாறிப்போகும். அதையும் அழித்து உரிய இடத்தில் வைத்தேன். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நீ கண்ணோடு கண் பார்த்தது அந்தப் படத்தைத்தான். இப்போது கல்லறைக்குக் கேட்பதும் அதைத்தான்.

அதில் உள்ள இடது கண் ஜெர்லினுடைய இடது கண் இல்லை, தம்பி.

ஒன்பதாம் மாதம் நடந்தது உனக்குத் தெரியாது. இதைக் கவனமாகப் படி. படம் எடுக்க வந்த ரெனிட்டா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணாச்சி, பாப்பாவுக்கு எடது கண்ணு லேசா உள்ளுக்கு ஓடுத மாதிரி இருக்கு. சாயங்கால வெயில்ல என்னமோ மினுங்குது வேற. நாளைக்கு டாக்டர்ட்ட காட்டலாமான்னு நெனைக்கேன். நீங்க பெருசு பண்ணிப் பாப்பீங்கள்லா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

நான் மானிட்டரை அவள் பக்கம் திருப்பி, நீ கேட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். "இந்தா பாரு, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. பச்சப்புள்ளைக்கு மூக்குத்தண்டு அகலமா இருக்கும்லா, அதான் அப்பிடித் தோணுது. மினுக்கம் எல்லாப் புள்ளைக்கும் உள்ளதுதான்" என்றேன்.

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "மாதாவே. நான் பயந்தே போனேன் அண்ணாச்சி. அவியகிட்ட சொல்லிராதீங்க, கப்பல்ல கெடந்து சங்கடப்படுவாவ" என்றாள். சிரித்துக்கொண்டே போனாள். டாக்டரிடம் போகவில்லை. நான் போக விடவில்லை.

பதினொன்றாம் மாதம் நீ வந்தாய். வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆகவில்லை என்று சொன்னார்கள். பிள்ளையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாய், சாய்ந்த வெயில் முகத்தில் விழுந்தது, "ஏளா ரெனிட்டா, இது என்ன கண்ணுக்குள்ள?" என்று சத்தம் போட்டாயாம். உனக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. மறுநாளே திருநெல்வேலி, அங்கிருந்து மதுரை. கண்ணை எடுத்தார்கள். நோய் கண் நரம்பைத் தாண்டிப் போய்விட்டது என்றார்கள். பிறகு ஆறு மாதம் அந்தச் சின்ன உடம்பு பட்டதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. பிளாரன்ஸ் இரண்டு தடவை மதுரைக்கு வந்து பார்த்தாள். நான் வரவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

எப்போது தொடங்கியது என்று தெரிய, டாக்டர் பழைய படம் கேட்டார் என்றும், நீ போனிலிருந்து அந்த ஏழாம் மாதப் படத்தைக் காட்டினாய் என்றும் நீயே என்னிடம் சொன்னாய். "ஏழாம் மாசம் வரைக்கும் சுத்தமா இருந்திருக்கு அண்ணாச்சி. அதுக்கு அப்புறந்தான் வேகமா வளந்திருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. அந்த நாலு மாசம் இவ எங்க பாத்துட்டு இருந்தா?" என்றாய். நான் உன் தோளில் கை வைத்தேன். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றேன்.

அடக்கத்தன்று குடும்பப் படம் எடுக்கவும் என்னையே கூப்பிட்டீர்கள். பெட்டியைச் சுற்றி நிற்கிற படம் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும். கப்பலில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். முன்வரிசை, பின்வரிசை ஒரு முகமும் மங்கக் கூடாது. லென்ஸ் வாயை நன்றாகச் சுருக்கித்தான் எடுத்தேன். பிள்ளையின் கண் மூடியிருந்தது. திருத்த எதுவும் இருக்கவில்லை. ரெனிட்டா பெட்டிப் பக்கத்தில் நிற்க வந்தாள். உன் அண்ணன் என் காதருகில் வந்து, "அவளக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க. தாய்க்காரிக்குக் கண்ணு எங்க போச்சுன்னு ஊரே கேக்கு" என்றார். நான் போய் அவளை ஓரமாக நிற்கச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் மாதம் நான் சொன்னதை அவள் அங்கே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய மனுசன், தெரியாமல் சொல்லியிருப்பான் என்று நினைத்திருப்பாள்.

இப்போது அவள் கீழவைப்பாரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ கூப்பிடவில்லை, பூசைக்கும் சொல்லி அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, ரெக்ஸ். அவள் பார்த்தாள், கேட்டாள், நான் பொய் சொன்னேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். முதலில் கீழவைப்பாருக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா.

இதோடு ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து எடுத்த எல்லாப் படமும் திருத்தாமல், தேதியோடு இருக்கின்றன. போலீசிடம் கொடுத்தாலும் சரி, பங்குச் சாமியிடம் காட்டினாலும் சரி. பிளாரன்ஸுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கல்லறைக்கு இரண்டாம் மாதப் படத்தை அடித்து வைத்திருக்கிறேன், அதைப் பதித்துக்கொள். அதில் இரண்டு கண்ணும் ஜெர்லினுடையவை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் பயந்துதான் மறைத்தேன் என்று மேலே எழுதியது பாதிதான்.

பயம் மறுநாள்தான் வந்தது. மூன்றாம் மாதம் மானிட்டரில் அந்த வெள்ளையை முதன்முதலாகப் பார்த்தபோது, அது என்ன என்று தெரிந்த அதே நிமிஷத்தில், என் மனசில் எழுந்தது, எவ்வளவு அழகு என்பதுதான். இதை ஃபோகஸுக்கு வெளியே தள்ளினால் விரிந்து வட்டமாகும், முத்துப்போல மிதக்கும் என்று தோன்றியது. நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு படம் எனக்கு வாய்த்ததில்லை. போட்டிக்குக் கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் சொன்னால் நீங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள், அந்த ஒளி போய்விடும். அதனால் நாலாம் மாதம் சிப்பியை மறுபடியும் வைத்தேன். ரெனிட்டாவைக் கிலுகிலுப்பையோடு இடம் மாற்றி மாற்றி நிற்க வைத்து, அந்தக் கண்ணில் வெளிச்சம் சரியாக விழும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். போட்டிக்குப் படத்தை அனுப்பிய மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு பரிசு அறிவிக்கட்டும் என்று இருந்தேன். பரிசு வந்த பிறகு சொன்னால் அந்த ஒளி என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். உன் மகளை நான்தான் கொன்றேன், தம்பி. இதற்கு வேறு சொல் இல்லை.

'முத்து' படமும் அந்த டிஸ்கில் இருக்கிறது. வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்தேன். வலது இமையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. ஃபோகஸில் மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.